காசநோய் மருந்துகள்: எந்த அட்டவணையில் எந்தப் பக்கவிளைவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே மருந்தைத் தினமும் சாப்பிட்டால் ஒரு தொல்லை, வாரம் ஒரு முறை சாப்பிட்டால் வேறொரு தொல்லை. காசநோய் சிகிச்சையில் பலருக்கும் தெரியாத விஷயம் இது. ஆறு மாதம், நான்கு மாதம், வாரம் மூன்று நாள் என்று அட்டவணைகள் பல இருக்கின்றன. குறைவான மாத்திரை என்றால் குறைவான பக்கவிளைவு என்று நினைத்துவிடக் கூடாது. நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். இது பொதுவான விளக்கம் மட்டுமே. கீழே சொல்லியிருக்கும் அவசர அறிகுறிகளைத் தவிர, மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் சிகிச்சை தரும் மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும்.

வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில் தொல்லை எப்போது அதிகம்?

முதல் இரண்டு மாதங்களில்தான். அப்போது ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என நான்கு மருந்துகளும் ஒன்றாக உள்ளே போகின்றன. அடுத்த நான்கு மாதங்களுக்கு ஐசோனியசிடும் ரிஃபாம்பிசினும் போதும். சில நாடுகளின் திட்டங்களில் எத்தாம்பியூட்டாலும் கூடவே தொடரும். கல்லீரலையும் மூட்டுகளையும் அதிகம் சோதிக்கும் பைரசினமைடு இரண்டாம் மாத முடிவில் நின்றுவிடுவதால், மூன்றாம் மாதத்தில் பலருக்கும் உடம்பு லேசானதுபோல் இருக்கும். குணமாகிவிட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்துகிறவர்களும் அதே மாதத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. ரத்தமா?

இல்லை. அது ரிஃபாம்பிசினின் நிறம். வியர்வை, உமிழ்நீர், கண்ணீர் எல்லாவற்றிலும் அந்தச் சாயம் வரும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்கள் சிகிச்சை முடியும்வரை கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது. லென்ஸில் ஏறிய கறை போகாது. முதல் நாளே இதைச் சொல்லி அனுப்பினால் பாதிப் பேரின் பயம் தீர்ந்துவிடும். ஏனோ பல இடங்களில் சொல்வதில்லை.

மாத்திரை சாப்பிட்டதும் குமட்டுகிறது. உணவோடு சாப்பிடலாமா?

ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் வெறும் வயிற்றில்தான் உடலில் நன்றாகச் சேரும். அதனால்தான் காலையில் உணவுக்கு முன் சாப்பிடச் சொல்கிறார்கள். ஆனால் குமட்டலுக்குப் பயந்து மாத்திரையையே தவிர்ப்பதைவிட, கொஞ்சம் உணவோடு சாப்பிடுவது எவ்வளவோ மேல். இரவு படுக்கப்போகும் முன் சாப்பிடுவதும் சிலருக்குப் பொருந்துகிறது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நேரத்தை மாற்றலாம். நெஞ்செரிச்சலுக்கான அமில முறிவு மருந்துகளை இவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது, சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

கவனிக்க வேண்டிய குமட்டல் வேறு. சில வாரங்கள் மருந்து பழகிய பிறகு திடீரென்று பசி அறவே போய், உணவின் வாசனையே பிடிக்காமல், வலது விலா எலும்புக்குக் கீழே கனத்து, வாந்தியும் வந்தால் அதை வயிற்றுக் கோளாறு என்று ஒதுக்கக் கூடாது. அது கல்லீரலாக இருக்கலாம்.

மஞ்சள் காமாலை வந்தால் எப்படித் தெரியும்? சிறுநீர்தான் ஏற்கெனவே நிறம் மாறியிருக்கிறதே?

நல்ல கேள்வி. ரிஃபாம்பிசின் தரும் ஆரஞ்சு நிறம் மாத்திரை போட்ட சில மணி நேரங்களில் தூக்கலாக இருக்கும், பிறகு வெளுத்துக்கொண்டே வரும். காமாலையின் கரும்பழுப்பு நாள் முழுவதும் அப்படியே இருக்கும். இன்னும் நம்பகமான வழி கண்ணைப் பார்ப்பது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே நின்று, கீழ் இமையை இழுத்து வெள்ளைவிழியைப் பாருங்கள். மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் லேசான காமாலை தெரியாது. வழக்கமான அளவில் ரிஃபாம்பிசின் வெள்ளைவிழியை மஞ்சளாக்குவதில்லை. எனவே அங்கே மஞ்சள் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நான்கு மருந்துகளில் மூன்று கல்லீரலைத் தாக்கக்கூடியவை. பைரசினமைடு முதலிடம், அடுத்தது ஐசோனியசிட், பிறகு ரிஃபாம்பிசின். எத்தாம்பியூட்டாலுக்கு இந்தப் பழி பெரும்பாலும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் சற்றே ஏறியிருந்தால் உடனே பதற வேண்டாம். ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்களில் நூற்றில் பத்து முதல் இருபது பேருக்கு அப்படி ஏறித் தானாகவே இறங்கிவிடும். மருத்துவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கோடு இது: அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் நொதி இயல்பின் மேல்வரம்பைப்போல் 5 மடங்கைத் தாண்டும்போது நிறுத்துவார்கள், குமட்டலோ வயிற்றுவலியோ காமாலையோ இருந்தால் 3 மடங்கிலேயே நிறுத்துவார்கள்.

நிறுத்திய பிறகு என்ன செய்வார்கள்? நோய் முற்றிவிடாதா?

நோய் தீவிரமாக இருந்தால் கல்லீரலைத் தொடாத மருந்துகளை இடைக்காலமாகக் கொடுத்துச் சமாளிப்பார்கள். நொதிகள் மேல்வரம்பின் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கியதும், பழைய மருந்துகளை ஒவ்வொன்றாகச் சில நாள் இடைவெளியில் திரும்பச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் ரிஃபாம்பிசின் முதலில், ஐசோனியசிட் அடுத்து. ஒவ்வொரு படியிலும் ரத்தப் பரிசோதனை உண்டு. எந்த மருந்தைச் சேர்க்கும்போது நொதி மீண்டும் ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. கடுமையான காமாலை வந்தவருக்குப் பைரசினமைடை மறுபடி தொடாமலே விட்டுவிடுவது உண்டு. அப்படி விட்டால் சிகிச்சை ஒன்பது மாதமாக நீளும். நான்கு மருந்தும் ஒரே மாத்திரையில் இருக்கும் கூட்டு மாத்திரை வசதிதான் என்றாலும், இந்தக் கட்டத்தில் அது உதவாது. தனித்தனி மாத்திரைகளுக்கு மாற வேண்டியிருக்கும்.

மது அருந்தலாமா?

கூடாது. அளவாகக் குடித்தால் பரவாயில்லையா என்ற கேள்விக்கும் இதே பதில்தான்.

கால் விரல்கள் மரத்துப்போய் எரிகின்றன. எந்த மருந்து?

வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில் இருந்தால் ஐசோனியசிட்டாக இருக்கலாம். அது உடலில் வைட்டமின் பி6 வேலை செய்வதைக் கெடுக்கிறது, அதனால் நரம்பு நுனிகள் வாடுகின்றன. சர்க்கரை நோய், எச்ஐவி, சிறுநீரகக் கோளாறு, மதுப்பழக்கம், ஊட்டச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த வாய்ப்பு அதிகம். இவர்களுக்கு முதல் நாளிலிருந்தே பி6 மாத்திரையைத் தினமும் 10 முதல் 25 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். ஐசோனியசிட்டை உடல் கழிக்கும் வேகம் பரம்பரையாக ஆளுக்கு ஆள் மாறுகிறது. மெதுவாகக் கழிக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்குத் தொல்லை கூடுதல். ஒரே வீட்டில் ஒரே மருந்து சாப்பிட்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் கால் எரிவதற்கு இதுவும் காரணமாகலாம்.

வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு லினசோலிட் சாப்பிடுகிறவருக்குக் கால் மரத்தால் கதை வேறு. அதைப் பி6 சரிசெய்யாது. லினசோலிட்டின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும், தாமதித்தால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகலாம்.

கண் பார்வையைப் பாதிக்கும் மருந்து எது? வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

எத்தாம்பியூட்டால். பார்வை நரம்பை அது வீங்கவைக்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அளவில் இது அரிது. 25 மில்லிகிராம் என்று போய், மாதக்கணக்கில் தொடர்ந்தால் வாய்ப்பு ஏறுகிறது. இந்த மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு வழக்கமான அளவே அதிக அளவாகிவிடும்.

வீட்டுச் சோதனை எளிது, ஆனால் ஒரு கண்ணை முழுவதுமாகப் பொத்திக்கொண்டு செய்ய வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிவிடும். தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், ஒரே அளவு எழுத்தை இடக் கண்ணால் ஒரு முறை, வலக் கண்ணால் ஒரு முறை படியுங்கள். பிறகு சிவப்பு மூடியுள்ள பேனாவை இதேபோல் இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளிறியோ பழுப்பாகவோ தெரிந்தால், அல்லது பச்சைக்கும் சிவப்புக்கும் வேறுபாடு மங்கினால், எத்தாம்பியூட்டாலை உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும், சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். எதையும் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கும்போது மருத்துவர்கள் அளவில் கறாராக இருப்பது இதனால்தான்.

மூட்டு வலி?

பைரசினமைடு யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுப்பதால் வருவது. சாதாரண வலி மாத்திரைக்கு அடங்கும். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறியிருப்பதை மட்டும் வைத்து மருந்தை நிறுத்துவதில்லை. ஏற்கெனவே கீல்வாதம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தோலில் அரிப்பு வந்தால் மருந்தை நிறுத்த வேண்டுமா?

வெறும் அரிப்புக்கு ஒவ்வாமை மாத்திரை போதும், சிகிச்சை தொடரும். தடிப்போடு காய்ச்சல், முகவீக்கம், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல் ஏதாவது சேர்ந்தால் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வாரம் மூன்று நாள் மட்டும் சாப்பிடும் முறை முன்பு இருந்ததே. மாத்திரை குறைவு, பக்கவிளைவும் குறைவுதானே? ஏன் மாற்றினார்கள்?

இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள். பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான்.

விட்டுவிட்டுச் சாப்பிடும் முறையில் ஒவ்வொரு வேளையின் அளவும் பெரும்பாலான மருந்துகளுக்குக் கூடுதல். ஒரு வேளை தவறினால் இழப்பும் பெரிது. நோய் திரும்ப வருவதும் மருந்து எதிர்ப்பு உருவாவதும் தினசரி முறையைவிட அதிகம் என்று தெரிந்ததால், 2017-இல் உலக சுகாதார நிறுவனம் வாரம் மூன்று நாள் முறையைக் கைவிடச் சொன்னது. மாற்றத்துக்கு முதன்மைக் காரணம் அதுதான். பக்கவிளைவுக் கணக்கும் இதில் சேர்ந்திருக்கிறது.

ரிஃபாம்பிசினைத் தினமும் சாப்பிடுகிறவர்களிடம் அபூர்வமாகவே காணப்படும் ஒரு தொல்லை, இடைவெளி விட்டுச் சாப்பிடுகிறவர்களிடம் வருகிறது. மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், தலைவலி, எலும்பெல்லாம் நோவு. மாலைக்குள் சரியாகிவிடும். அடுத்த வேளை மருந்து வரும்வரை ஆள் நன்றாக இருப்பார், மருந்து போட்டதும் மீண்டும் அதேபோல். இடைவெளி நீளநீள, ஒரு வேளையின் அளவு கூடக்கூட, இது வரும் வாய்ப்பும் ஏறுகிறது. வாரம் ஒரு முறை அதிக அளவு ரிஃபாம்பிசின் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. இடைவெளியில் உடல் இந்த மருந்துக்கு எதிராக எதிர்ப்புப் புரதங்களைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது, அடுத்த வேளை வந்ததும் அவை அதன்மீது பாய்கின்றன என்பதுதான் விளக்கம். தினமும் மருந்து வந்துகொண்டிருந்தால் அப்படிச் சேர்வதற்கு இடமில்லை. எனவே இந்தக் காய்ச்சலுக்கு வைத்தியம் பலருக்கும் வினோதமாகப் படும்: மருந்தைக் குறைப்பதில்லை, வாரச் சில நாள் முறையிலிருந்து தினசரி முறைக்கு மாற்றுகிறார்கள்.

இதே வழியில் வரும் கடுமையான வகைகளும் உண்டு: ரத்தத் தட்டணுக்கள் சரிந்து தோலில் ஊதாப் புள்ளிகள் தோன்றுவது, சிவப்பணுக்கள் சிதைவது, சிறுநீரகம் திடீரென்று செயலிழப்பது. இவற்றில் ஒன்று வந்தவருக்கு ரிஃபாம்பிசினை வாழ்நாளில் மறுபடி கொடுக்கக் கூடாது.

மருத்துவர் தினசரி முறையைத்தான் எழுதித் தந்திருப்பார். நோயாளி நாலு நாள் சாப்பிட்டு, மூன்று நாள் விட்டு, ஊருக்குப் போனதில் இரண்டு வாரம் விட்டு, திரும்பி வந்து முழு அளவில் ஆரம்பிப்பார். தன்னையறியாமல் தனக்கென்று ஒரு விட்டுவிட்டுச் சாப்பிடும் அட்டவணையை உருவாக்கிக்கொள்கிறார், அதுவும் இருப்பதிலேயே மோசமான ஒன்றை. நீண்ட இடைவெளி விழுந்துவிட்டால் தானாகத் தொடங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.

நான்கு மாதச் சிகிச்சை வந்திருக்கிறதாமே? அதில் தொல்லை குறைவா?

2021-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் ரிஃபாபென்டின், மாக்சிஃபிளாக்சசின், ஐசோனியசிட், பைரசினமைடு அடங்கிய நான்கு மாத முறை, ஆறு மாத முறைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. கடுமையான பக்கவிளைவுகள் நான்கு மாத முறையில் 18.8 விழுக்காட்டினருக்கு, ஆறு மாத முறையில் 19.3 விழுக்காட்டினருக்கு. அதாவது ஏறக்குறைய சமம். மிச்சமாவது இரண்டு மாத காலம், அதுவே பெரிய விஷயம்தான். எத்தாம்பியூட்டால் இல்லாததால் கண் பற்றிய கவலை குறைகிறது. அதற்குப் பதிலாக மாக்சிஃபிளாக்சசினின் கவலைகள் வருகின்றன: தசைநாண் வலி, சர்க்கரை அளவு ஏறி இறங்குவது, இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் மாற்றம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே இந்த முறை. குழந்தைகளுக்கு நோய் கடுமையாக இல்லாவிட்டால் வழக்கமான மருந்துகளையே நான்கு மாதம் கொடுக்கும் தனி முறை இருக்கிறது.

மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கான சிகிச்சை மிகவும் கொடுமையானது என்கிறார்கள். உண்மையா?

இருந்தது. பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதச் சிகிச்சை; அதில் பல மாதங்கள் தினமும் ஊசி. கானமைசின், காப்ரியோமைசின், அமிக்காசின் ஆகிய ஊசிகள் உட்காதைச் சிதைத்து நிரந்தரக் கேட்புக் குறைவைத் தந்தன. நோய் குணமாகிக் காது போனவர்கள் ஏராளம். சைக்ளோசெரின் மனச்சோர்வையும் சிலருக்கு மனப்பிறழ்வையும் தந்தது. எத்தியோனமைடு இடைவிடாத குமட்டலோடு தைராய்டையும் மந்தமாக்கியது.

இன்று பெரும்பாலோருக்கு ஆறு மாதம், எல்லாம் மாத்திரை: பெடாகுலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின். உலக சுகாதார நிறுவனம் இதை 2022-இல் பரிந்துரைத்தது. இதில் கண்காணிக்க வேண்டியது முக்கியமாக லினசோலிட். தொடக்க ஆய்வில் அதை நாளுக்கு 1200 மில்லிகிராம் கொடுத்தபோது 81 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பும், 48 விழுக்காட்டினருக்கு ரத்த அணுக்கள் உற்பத்திக் குறைவும் வந்தன. குணமானவர்கள் பத்தில் ஒன்பது பேர் என்பதால் அந்த விலை சரிதான் என்று அப்போது பேசப்பட்டது. நல்லவேளையாக அதோடு விடவில்லை. 2022-இல் வெளியான அடுத்த ஆய்வில் 600 மில்லிகிராமாகக் குறைத்து 26 வாரம் கொடுத்தார்கள். நரம்புப் பாதிப்பு 24 விழுக்காடு, ரத்த அணுக் குறைவு 2 விழுக்காடு. குணமடைந்தவர்கள் 91 விழுக்காடு. பாதி மருந்தில் ஏறக்குறைய அதே பலன். இன்று 600 மில்லிகிராம்தான் வழக்கம்.

பெடாகுலின் சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வப்போது ஈசிஜி எடுப்பார்கள். இதயத் துடிப்பு இடைவெளி நீள்கிறதா என்று பார்க்கத்தான். மாக்சிஃபிளாக்சசினுக்கும் அதே குணம் இருப்பதால் ஈசிஜியைத் தவறவிடக் கூடாது. மயக்கம், படபடப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டும். நீண்ட சிகிச்சை முறைகளில் சேரும் குளோஃபசிமின் தோலைச் செம்பழுப்பாகக் கறுக்கவைக்கும். ஆபத்தில்லை, ஆனால் பலரும் வீட்டைவிட்டு வெளியே வரத் தயங்குவதற்கு அதுவே காரணமாகிறது. மருத்துவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடுவது சரியல்ல.

எனக்கு நோய் இல்லை, தடுப்புக்காக மருந்து தந்திருக்கிறார்கள். இதிலும் பக்கவிளைவா?

உண்டு, ஆனால் குறைவு. வாரம் ஒரு முறை வீதம் 12 வேளை ஐசோனியசிடும் ரிஃபாபென்டினும் சாப்பிடும் முறையை, ஒன்பது மாதம் தினமும் ஐசோனியசிட் சாப்பிடும் முறையோடு ஒப்பிட்ட 2011 ஆய்வில், மருந்தால் வந்த கல்லீரல் பாதிப்பு வார முறையில் 0.4 விழுக்காடு, தினசரி முறையில் 2.7 விழுக்காடு. ஆனால் காய்ச்சல், தலைசுற்றல், தடிப்பு போன்ற ஒவ்வாமை வகைத் தொல்லைகள் வார முறையில்தான் அதிகம். ரிஃபாம்பிசினின் உறவான ரிஃபாபென்டினும் இடைவெளி விட்டுக் கொடுக்கும்போது தன் குடும்பக் குணத்தைக் காட்டுகிறது. பெரும்பாலும் முதல் சில வேளைகளில் வந்து ஒரு நாளில் போய்விடும்.

நான்கு மாதம் ரிஃபாம்பிசின் மட்டும் சாப்பிடும் முறை கல்லீரலுக்கு ஐசோனியசிட்டைவிட இதமானது. ஒருகாலத்தில் ரிஃபாம்பிசினையும் பைரசினமைடையும் சேர்த்து இரண்டே மாதத்தில் தடுப்பு மருந்தை முடிக்கும் முறை பரிந்துரையில் இருந்தது. கடுமையான கல்லீரல் பாதிப்பும் இறப்புகளும் நேர்ந்ததால் 2003-இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பொதுவாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது. இரண்டு மாதம்தானே என்று யாரும் அலட்சியமாகச் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு மருந்துகள் சாப்பிடுகிறேன். முட்டிக்கொள்ளுமா?

கல்லீரல் மற்ற மருந்துகளைக் கழிக்கும் வேகத்தை ரிஃபாம்பிசின் முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை பலனிழக்கும். திட்டமிடாத கர்ப்பங்கள் இப்படி நேர்கின்றன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், ஸ்டீராய்டு, சில சர்க்கரை மாத்திரைகள், சில வலிப்பு மருந்துகள் எல்லாவற்றின் பலனும் குறைந்துபோகும். எச்ஐவிக்கு டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறவர்களுக்கு அதை நாளுக்கு இருவேளையாக்குவார்கள். ஐசோனியசிட் எதிர்த்திசையில் வேலை செய்து, வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை உடலில் தேக்கிவைக்கும். லினசோலிட்டோடு மனச்சோர்வு மாத்திரைகள் பல ஒத்துப்போகாது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவதே உத்தமம்.

கர்ப்பமாக இருக்கும்போது சாப்பிடலாமா?

வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையைக் கர்ப்ப காலத்தில் கொடுக்கிறார்கள், தாய்ப்பாலும் கொடுக்கலாம். சிகிச்சை பெறாத காசநோய்தான் தாய்க்கும் சேய்க்கும் பெரிய ஆபத்து. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் கூடவே கூடாது, கருவிலிருக்கும் குழந்தையின் காதைக் கெடுத்துவிடும்.

சிகிச்சை தொடங்கிச் சில வாரத்தில் கழுத்துக் கட்டி இன்னும் பெரிதாகிறது, காய்ச்சலும் திரும்பியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பல நேரங்களில் அது பக்கவிளைவும் அல்ல, தோல்வியும் அல்ல. செத்து விழும் கிருமிகளின்மீது விழித்துக்கொண்ட நோய் எதிர்ப்பு ஆற்றல் காட்டும் எதிர்வினை. எச்ஐவி மருந்து புதிதாகத் தொடங்கியவர்களிடம் அதிகம். ஆனாலும் மருந்து எதிர்ப்பு இல்லை என்று சோதித்து உறுதிசெய்த பிறகே மருத்துவர் இந்த முடிவுக்கு வருவார்.

மருந்து முடிந்த பிறகு பக்கவிளைவுகள் எப்போது விலகும்?

ஆரஞ்சு நிறம் ஓரிரு நாளில். மூட்டு வலி, பைரசினமைடு நின்ற சில வாரங்களில். ரிஃபாம்பிசின் முடுக்கிவிட்ட கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆகும். எனவே சிகிச்சைக்காக அளவு கூட்டப்பட்ட வார்ஃபரின் போன்ற மருந்துகளை அப்போது மறுபடி சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தக்கசிவு நேரலாம். மருந்து முடிந்த மகிழ்ச்சியில் பலரும் மறக்கும் பரிசோதனை இதுதான். கருத்தடைக்கு வேறு வழியை இன்னும் ஒரு மாதம் தொடர்வது பாதுகாப்பு. நரம்பு எரிச்சல் குறைய மாதங்கள் ஆகும். குளோஃபசிமினின் கறுப்பு வெளுக்கப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள். பெடாகுலின் உடலிலிருந்து பாதி வெளியேறவே ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், அதன்பின் இதய மருத்துவரிடமோ வேறு மருத்துவரிடமோ போகும்போது அதைச் சாப்பிட்டதைச் சொல்லிவிட வேண்டும். ஊசியால் போன கேட்புத்திறன் திரும்புவதில்லை. அதற்குக் காது கேட்கும் கருவிதான்.